முதல் பனியை நம்பலாமா?

ஐப்பசி பிறந்துவிட்டால் ஹைதராபாத்தின் மாதாப்பூர், கச்சிபௌலி அலுவலகங்களில் இமயமலைப் பேச்சு களைகட்டும். தெலங்கானாவின் பழங்குடிச் சிறுமி மாலாவத் பூர்ணா 2014-இல், 13 வயதில் எவரெஸ்ட் ஏறிய பிறகு இங்கே மலையேற்றத்தின் மீது தனி ஈர்ப்பு வந்திருக்கிறது. அது நல்லதே. ஆனால் 'சீசன் தொடக்கம்தானே, பனி குறைவு, பயமில்லை' என்று சொல்லி முன்பதிவு செய்கிறார்களே, அதுதான் கவலை தருகிறது.

2022 அக்டோபர் 4 காலை, உத்தரகாசி நேரு மலையேற்றப் பயிற்சி நிறுவனத்தின் குழு திரௌபதி கா டண்டா-2 சிகரத்தை நெருங்கியபோது பனிச்சரிவில் சிக்கியது. குறைந்தது 27 பேர் மாண்டனர். அவர்களில் பயிற்றுநர் சவிதா கன்ஸ்வாலும் ஒருவர். அந்த மே மாதம்தான் எவரெஸ்ட்டையும் மகாலுவையும் அடுத்தடுத்துத் தொட்டவர். குளிர்காலம் அப்போது தொடங்கவேயில்லை.

பனி மெல்லியதாக இருப்பதே ஆபத்தாக மாறுவதும் உண்டு. நவம்பரில் விழும் பனி, நிழல் விழும் வடக்குச் சரிவுகளில் உருகாமல் கிடக்கும். அடியில் தரையின் வெதுவெதுப்பு, மேலே இரவின் கடுங்குளிர்; இடையில் இரண்டடிப் பனிதான். இந்த வெப்ப வேறுபாட்டால் நீராவி மேலேறி, அடிப்பனியை ஒன்றோடொன்று ஒட்டாத மணிகளாக்கிவிடுகிறது. குழி தோண்டி ஒரு பிடி அள்ளினால் சர்க்கரைபோல விரலிடுக்கில் வழியும். டிசம்பரில் புதுப்பனி கொட்டி, அதன்மேல் கெட்டியான பலகையாகப் படியும். 30 முதல் 45 பாகைச் சரிவில், நடந்துபோகும் ஒருவரின் எடையே அந்தப் பலகையை உடைக்கப் போதும். மலையேறிகள் பலியாகும் பனிச்சரிவுகளில் பெரும்பாலானவற்றைத் தூண்டிவிடுவது சிக்கியவரோ அவருடன் வந்தவரோதான்.

ஹைதராபாத் பாலாநகரில் இருக்கும் தேசியத் தொலையுணர்வு மையம் இமயத்தின் பனிப்பரப்பைச் செயற்கைக்கோள் வழியே கண்காணிக்கிறது. மதிப்புமிக்க பணி அது. ஆனால் பனி எங்கே படர்ந்திருக்கிறது என்று காட்டும் படம், அதன் அடியடுக்கு எப்படியிருக்கிறது என்று சொல்லாது. சண்டிகரிலுள்ள பாதுகாப்புத் துறை ஆய்வகம் வெளியிடும் பனிச்சரிவு எச்சரிக்கைகளும் பரந்த பகுதிகளுக்கானவை. குறிப்பிட்ட ஒரு சரிவில் இன்று கால் வைக்கலாமா என்பதை, அங்கே நின்று மண்வெட்டியால் தோண்டிப் பார்ப்பவர்தான் சொல்ல முடியும்.

அப்படிப்பட்டவர் குழுவில் இருக்கிறாரா என்று, முன்பணம் கட்டுமுன் யாரும் கேட்பதில்லை. உணவும் கூடாரமும் பற்றிக் கேட்கிறோம். உடலில் கட்டும் இருப்பிடம் காட்டும் கருவி, துழாவும் கம்பி, மண்வெட்டி ஆகிய மூன்றும் ஒவ்வொருவர் கையிலும் இருக்குமா என்று கேட்க வேண்டும். புதைந்தவர் பிழைக்கும் வாய்ப்பு முதல் கால் மணி நேரத்துக்குப் பின் செங்குத்தாகச் சரிகிறது. ஹெலிகாப்டர் வரும்வரை அது காத்திருக்காது. பனி மூடிய செங்குத்தான சரிவுகளைக் கடக்கும் பாதைகளுக்கு அனுமதி தரும்போதே, இந்தக் கருவிகளையும் பயிற்சி பெற்ற வழிகாட்டியையும் அரசு கட்டாயமாக்க வேண்டும், அதுவும் அக்டோபரிலிருந்தே.