கிரேடு ஒன் தானே சார்?

புனேயில் நம்ம ஆட்கள் நாலு பேர் கூடினால் ஒருவராவது சொல்வார்: "ஃபேட்டி லிவர்தான் சார், கிரேடு ஒன். இங்க எல்லாருக்கும் இருக்கு. நான் குடிக்கிறதுகூட இல்லை."

இந்த அலட்சியம்தான் எரிச்சலைக் கிளப்புகிறது. கல்லீரலில் கொழுப்பு சேர்ந்தவர்களுக்கு ரத்தக்குழாய்களும் விறைத்துப்போவது அதிகம். விறைத்த குழாயில் ரத்தத்தைத் தள்ள இதயம் கூடுதலாக உழைக்கணும். இவர்களில் அதிகம் பேரைக் கொண்டுபோவது கல்லீரலைவிட இதய நோய்தான். 2021-லேயே மத்திய அரசு இதைத் தொற்றாநோய்த் தடுப்புத் திட்டத்தில் சேர்த்துவிட்டது.

தவணை 90 நாள் தாண்டினால்தான் வாராக்கடன். அதற்காக முதல் தவணை தவறும்போது எந்த வங்கியாவது சும்மா இருக்குமா?

குடிக்காத பெருமையை விட்டுவிட்டு பிரஷர், சுகர், கொலஸ்ட்ரால் மூன்றையும் பாருங்கள். அதிக எடை உள்ளவர்கள் 7-10 சதவீதம் குறைத்தால் கல்லீரல் கொழுப்பு இறங்கும்.

எல்லாருக்கும் இருந்தால், எல்லாரும்தான் பயப்படணும் சார்!