தாத்தா பாட்டிக்கும் தடுப்பூசி தேவை

தடுப்பூசி என்றாலே அது குழந்தைகளுக்குத்தான் என்று பலர் நினைக்கிறார்கள். நிமோனியாவைப் பொறுத்தவரை இந்த எண்ணம் முதியவர்களுக்கு ஆபத்தானது.

நிமோனியாவை உண்டாக்கும் கிருமிகளில் முக்கியமானது நியூமோகாக்கஸ் பாக்டீரியா. அதைச் சுற்றிச் சர்க்கரை மூலக்கூறுகளால் ஆன உறை ஒன்று உண்டு. இரத்த வெள்ளை அணுக்களிடமிருந்து கிருமி தப்புவது இந்த உறையால்தான். உறையின் அமைப்பை வைத்து 100க்கும் அதிகமான வகைகளைப் பிரித்துள்ளனர். அதிகம் பரவும் சில வகைகளின் உறையைத் தடுப்பூசி நம் உடலுக்கு முன்கூட்டியே அடையாளம் காட்டிவிடுகிறது. இரண்டு வயதுக்குட்பட்ட குழந்தைகளின் உடல் வெறும் உறையைச் சரியாக அடையாளம் காணாது. அதனால் அதை ஒரு புரதத்துடன் இணைத்துக் கொடுக்கிறார்கள்.

வயது கூடும்போதும் நோய் எதிர்ப்பாற்றல் குறைகிறது. அதனால்தான் சிங்கப்பூரில் குழந்தைகளுக்கு மட்டுமின்றி, 65 வயதைத் தொட்டவர்களுக்கும், நீரிழிவு, இதய நோய், நாள்பட்ட நுரையீரல் நோய் உள்ள பெரியவர்களுக்கும் இது பரிந்துரைக்கப்படுகிறது.

“எனக்கென்ன, நன்றாகத்தானே இருக்கிறேன்?” என்பார் தாத்தா. நன்றாக இருக்கும்போது போடுவதுதான் தடுப்பூசி! வைரஸால் வரும் நிமோனியாவை இது தடுக்காது. ஆனால், நியூமோகாக்கஸ் இரத்தத்தில் கலந்து உயிருக்கே ஆபத்தாகும் வாய்ப்பைக் குறைக்கும்.

மாணவர்களே, பாடத்தில் படித்ததை வீட்டில் பேசுங்கள். அடுத்த முறை தாத்தா பாட்டி பலதுறை மருந்தகத்துக்குச் செல்லும்போது, இந்த ஊசியைப் பற்றி மருத்துவரிடம் கேட்க நினைவூட்டுங்கள்.