4052 என்றொரு எண்

ஜாஸ் இசைத்தட்டு சேர்ப்பவர்கள் நாலு பேர் கூடினால் பேச்சு கடைசியில் முதல் பதிப்பில்தான் வந்து நிற்கும். தட்டைக் கையில் வாங்கியதும் பாட்டின் பெயரைப் பார்க்க மாட்டார்கள். விளக்கடியில் சாய்த்துப் பிடித்து, லேபிளைச் சுற்றியுள்ள வெற்றுப் பரப்பைத் துழாவுவார்கள். ப்ளூ நோட் நிறுவனத்தின் தட்டென்றால் அங்கே ஒலிப்பதிவாளர் ரூடி வான் கெல்டரின் முத்திரை இருக்க வேண்டும். பிளாஸ்டிலைட் ஆலையில் அச்சானது என்பதற்கு அடையாளமாகக் காது மாதிரி ஒரு சின்னக் கீறல் வேண்டும். லேபிளில் நியூயார்க்கின் மேற்கு 63ஆம் தெரு முகவரி இருந்தால் விலை இன்னும் ஏறும். இதெல்லாம் பொருந்திய, சாக்ஸபோன் கலைஞர் ஹாங்க் மோப்லியின் 1568ஆம் எண் தட்டு ஆயிரக்கணக்கான டாலருக்குக் கைமாறுகிறது.

அந்த ஆசை எனக்குப் புரிகிறது. இசை பிறந்த காலத்திலேயே அச்சான பொருளைத் தொடுவதில் ஒரு நெருக்கம் இருக்கத்தான் செய்கிறது. ஆனாலும் இத்தனை காலம் கேட்டபின் என் மனம் மறுபதிப்புகளின் பக்கமே சாய்ந்து நிற்கிறது. விலை மட்டும் காரணமல்ல. ஜாஸில் நல்ல இசை பலவும் முதன்முறையாக வெளிச்சம் கண்டதே மறுபதிப்பாளர்களின் கையால்தான்.

டீனா புரூக்ஸ் என்று ஒருவர் இருந்தார். இயற்பெயர் ஹெரால்டு ஃபிளாய்டு புரூக்ஸ். வட கரோலினாவில் 1932இல் பிறந்து, சிறுவனாக நியூயார்க்கின் பிராங்ஸுக்கு வந்தவர். சிறிய உருவம் என்பதால் ஒட்டிக்கொண்ட செல்லப்பெயர் டீனா. வாசித்தது டெனர் சாக்ஸபோன். 1960 ஜூன் 19 அன்று, இருபத்திரண்டு வயது டிரம்பெட் கலைஞர் ஃபிரெடி ஹப்பர்டின் முதல் ஆல்பத்தில் உடன் வாசித்தார். ‘ஓப்பன் செசமி’ என்ற அதன் தலைப்பு இசையை அமைத்தவரும் டீனாதான். ஆறே நாளில், இப்போது ஹப்பர்டைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, தன் பெயரில் ‘ட்ரூ ப்ளூ’ ஆல்பத்தைப் பதிவு செய்தார். எண் 4041. உயிரோடு இருந்த காலத்தில் அவர் பெயரில் வெளிவந்த ஒரே ஆல்பம் அது.

பதிவு செய்ததோ நான்கு. 1958 மார்ச்சில் லீ மார்கன், சானி கிளார்க், டக் வாட்கின்ஸ், ஆர்ட் பிளேக்கி என்று யாருக்கும் வாய்க்காத துணையோடு ஒன்று. 1961 மார்ச்சில் கடைசியாக ஒன்று. இடையில், 1960இன் இலையுதிர் காலத்தில் ‘பேக் டு தி ட்ராக்ஸ்’. இந்த மூன்றாவதை நினைத்தால்தான் எனக்கு ஆறவே இல்லை. அதற்கு 4052 என்று எண் கொடுத்தாகிவிட்டது, உறைகூடத் தயார். தட்டு மட்டும் வரவில்லை. 1961க்குப் பிறகு அவர் எதிலும் பதிவாகவில்லை. 1974இல் நாற்பத்திரண்டு வயதில் இறந்துபோனார்.

அவருடைய வாசிப்பில் ஓர் ஏக்கம் உண்டு. ஆனால் அது புலம்பாது. வேகமான தாளத்திலும் அவசரப்படாமல், ஒரு சொற்றொடர் முடிந்த இடத்திலிருந்தே அடுத்ததை எடுப்பார். நீண்ட வாக்கியத்தை மூச்சு முட்டாமல் பேசி முடிக்கத் தெரிந்த மனிதரிடம் உட்கார்ந்திருப்பது போல இருக்கும். இப்படிப்பட்டவரை ஏன் உள்ளே வைத்துப் பூட்டினார்கள்?

பூட்டியவர்கள் கெட்டவர்கள் அல்ல. பெர்லினிலிருந்து வந்த ஆல்ஃபிரட் லயன் 1939இல் தொடங்கிய சிறு நிறுவனம் ப்ளூ நோட். நண்பர் ஃபிரான்சிஸ் உல்ஃப் கணக்கையும் பார்த்தார், புகைப்படமும் எடுத்தார். பதிவுக்கு முந்தைய ஒத்திகைக்கும் கலைஞர்களுக்குக் கூலி கொடுத்தவர்கள் இவர்கள். அன்றைக்கு அது அரிது. வெளியிட முடிந்ததைவிட அதிகமாகப் பதிவு செய்தார்கள். 1964இல் லீ மார்கனின் ‘தி சைட்வைண்டர்’ அமோகமாக விற்றதும், அதே சாயலில் இன்னொன்று வேண்டும் என்று விநியோகஸ்தர்கள் நெருக்கினார்கள். அமைதியான ஆல்பங்கள் பின்னுக்குப் போயின. 1965இல் நிறுவனம் லிபர்ட்டி என்ற இசைத்தட்டு நிறுவனத்துக்கு விற்கப்பட்டது. 1967இல் லயன் விலகினார்; 1971இல் உல்ஃப் காலமானார். எந்த நாடாவில் என்ன இருக்கிறது என்று அறிந்தவர்கள் போய்விட்டார்கள், நாடாக்கள் கிடங்கிலேயே கிடந்தன.

அங்கேதான் மைக்கேல் கஸ்கூனா வருகிறார். வானொலியிலும் பத்திரிகையிலும் இருந்த காலத்திலேயே, சந்திக்கிற கலைஞர்களிடமெல்லாம் ப்ளூ நோட்டில் பதிவாகி வெளிவராதது ஏதும் உண்டா என்று கேட்டுக் குறித்து வைத்தவர். 1970களின் நடுவில் கிடங்குக் கதவு அவருக்குத் திறந்தது. பெட்டிகளில் தகவல் அரைகுறை. யார் வாசித்தது, என்ன பாட்டு என்று வாசித்தவர்களிடமே கேட்டுத் தெளிய வேண்டியிருந்தது. வெய்ன் ஷார்ட்டர் 1965இல் பதிவு செய்த ‘தி சூத்சேயர்’ 1979இல் வெளிவந்தது அந்த உழைப்பால்தான். டீனாவின் முதல் பதிவு 1980இல் ‘மைனர் மூவ்’ என்ற பெயரில் ஜப்பானில்தான் முதலில் வெளிவந்தது. ஜப்பானிய ரசிகர்கள் இந்த இசைக்குச் செய்ததற்கு நாம் எவ்வளவு நன்றி சொன்னாலும் தகும்.

பிறகு கஸ்கூனா, சார்லி லூரியுடன் சேர்ந்து மொசைக் நிறுவனத்தைத் தொடங்கினார். தபாலில் மட்டும் விற்பனை. குறிப்பிட்ட எண்ணிக்கையில் பெட்டித் தொகுப்புகள். பதிவுத் தேதிகளும் அரிய புகைப்படங்களும் கொண்ட பெரிய கையேடு. 1983இல் வந்த முதல் தொகுப்பு தெலோனியஸ் மங்க். 1985இல் டீனா புரூக்ஸின் நான்கு பதிவுகளும் ஒரே பெட்டியில் வந்தன. லயன் அப்போது உயிரோடு இருந்தார். டீனா இல்லை. 2024இல் கஸ்கூனா மறைந்த செய்தியைப் படித்த இரவு அந்த நான்கையும் வரிசையாகக் கேட்டேன். அவற்றில் அவர் ஒரு ஸ்வரம்கூட வாசிக்கவில்லை. இருந்தாலும் என் அலமாரியில் பாதியை நிரப்பியவர் அவர்.

முதல் பதிப்பே வேதவாக்கு என்பவர்களிடம் நான் எடுத்துச் சொல்லும் இன்னொரு தட்டு, ஜாஸிலேயே எல்லோர் வீட்டிலும் இருப்பது: மைல்ஸ் டேவிஸின் ‘கைண்ட் ஆஃப் ப்ளூ’. 1959 மார்ச் 2 அன்று நியூயார்க் 30ஆம் தெரு ஸ்டுடியோவில் நடந்த முதல் பதிவின்போது மூல நாடா இயந்திரம் சற்று மெதுவாக ஓடியிருக்கிறது. மெதுவாகப் பதிந்ததைச் சரியான வேகத்தில் ஓட்டினால் சுருதி ஏறிவிடும். முதல் பக்கத்தின் மூன்று உருப்படிகளும் அப்படித்தான் வெளிவந்தன. முப்பது வருடத்துக்கு மேல் உலகமே அதைச் சற்றுத் தூக்கிய சுருதியில் கேட்டது. தட்டோடு சேர்ந்து பயிற்சி செய்த மாணவர்கள் தங்கள் வாத்தியத்தைச் சந்தேகித்திருப்பார்கள். பாதுகாப்புக்காக அன்று இன்னொரு இயந்திரமும் ஓடியது. அது சரியாக ஓடியது. 1992இல் மார்க் வைல்டர் அந்த நாடாவை எடுத்துத்தான் திருத்தினார். அந்த அறையில் மைல்ஸ் வாசித்த சுருதி முதல் பதிப்பில் கிடையாது, மறுபதிப்பில் உண்டு.

எனக்கு ஜாஸ் அறிமுகமானது சிற்றலை வானொலியில். வாய்ஸ் ஆஃப் அமெரிக்காவில் வில்லிஸ் கோனோவர் நிறுத்தி நிதானமாகப் பேசுவார். ஆங்கிலம் அரைகுறையாகத் தெரிந்தவனுக்கும் கலைஞர் பெயர்கள் தெளிவாக விழும். அதனால் 2005இல் வந்த அந்தச் செய்தி எனக்குச் சொந்த வீட்டுச் செய்தி போல இருந்தது. 1957 நவம்பர் 29 அன்று கார்னகி ஹாலில் மங்கும் ஜான் கோல்ட்ரேனும் சேர்ந்து வாசித்ததை அதே வாய்ஸ் ஆஃப் அமெரிக்கா பதிவு செய்து வைத்திருந்தது. காங்கிரஸ் நூலகத்தில் பழைய நாடாக்களை எண்முறைக்கு மாற்றிக்கொண்டிருந்தபோது லாரி ஆப்பல்பாம் அதைக் கண்டெடுத்தார். மங்கும் கோல்ட்ரேனும் சேர்ந்து வாசித்தது சில மாதங்களே. பதிவில் எஞ்சியதும் சொற்பம். அந்த வட்டு வந்த வாரத்தில் வேறெதையும் நான் கேட்கவில்லை.

மறுபதிப்பு என்று வருவதெல்லாம் நல்லதா என்றால், இல்லை. ஐரோப்பாவில் ஒலிப்பதிவு உரிமை நெடுங்காலம் ஐம்பது ஆண்டுகளாக இருந்தது. 1962 வரையிலான பதிவுகள் அப்படியே காலாவதியாகின. மூல நாடாவைக் கண்ணால்கூடப் பாராதவர்கள், சிடியிலிருந்து எடுத்து கனமான எல்பியில் அச்சிட்டுப் பளபளப்பான உறையில் விற்கிறார்கள். கலைஞரின் குடும்பத்துக்கு அதில் சல்லிக்காசு போகாது. உறையின் பின்புறம் யார் மாஸ்டரிங் செய்தார், எந்த நாடாவிலிருந்து என்ற விவரம் இல்லாவிட்டால் நான் வாங்குவதில்லை. சொல்கிறவர்கள் பெருமையோடு சொல்வார்கள். ப்ளூ நோட் 2019இல் தொடங்கிய டோன் போயட் வரிசையில் மூல நாடாவிலிருந்து கெவின் கிரே வெட்டினார் என்று இருக்கும். மாற்றுப் பதிவுகளை ஆல்பத்தின் நடுவில் செருகும் பழக்கமும் எனக்கு ஒவ்வாது. சிடி வந்த புதிதில் இது மிகுதி. ஒரே பாட்டை அடுத்தடுத்து இரண்டு முறை கேட்கச் செய்தால் ஆல்பத்தின் ஓட்டம் அறுந்துபோகிறது. அவை கடைசியில் இருக்கட்டும், தேவைப்படுகிறவர் கேட்பார்.

புதிதாகச் சேர்க்கத் தொடங்குகிற இளைஞர்கள் எதிலிருந்து ஆரம்பிக்கலாம் என்று எழுதிக் கேட்கிறார்கள். ‘ட்ரூ ப்ளூ’வை முதலில் கேளுங்கள், இரண்டு நாள் விட்டு ‘பேக் டு தி ட்ராக்ஸ்’. அதில் ‘ஸ்ட்ரீட் சிங்கர்’ என்ற உருப்படியில் மட்டும் ஆல்டோ சாக்ஸபோனில் ஜாக்கி மெக்லீன் சேர்ந்துகொள்வார். ப்ளூ மிட்செலின் டிரம்பெட், மெக்லீனின் கூர்மை, அவற்றுக்கு நடுவில் குரலை உயர்த்தாத டீனா என்று மூன்று ஊதுவாத்தியங்களையும் பிரித்துக் கேட்கப் பாருங்கள். மெக்லீனை அங்கே பிடித்துப்போனால் அடுத்து ‘ஜாக்கீஸ் பேக்’ வாங்குங்கள். ‘ஸ்ட்ரீட் சிங்கர்’ பதிவான அதே 1960 செப்டம்பர் நாளில் அதே குழு வாசித்த மற்ற உருப்படிகள் அதில் இருக்கின்றன.