கோகோ மூட்டையும் ஏவுகணைக் கணக்கும்

உலக அரசியல் என்றால் வல்லரசுகளின் பலப்பரீட்சை என்றே நமக்குச் சொல்லித் தருகிறார்கள். யாரிடம் எத்தனை ஏவுகணை என்பதே அவர்கள் கணக்கு. உழைப்பவன் அதில் வருவதில்லை.

அர்ஜென்டினப் பொருளாதார அறிஞர் ரவுல் பிரேபிஷ் 1949-ல் வேறு கணக்குப் போட்டார். விளைபொருளை விற்று இயந்திரம் வாங்கும் நாடு, காலப்போக்கில் அதே இயந்திரத்துக்குக் கூடுதல் மூட்டை கொடுக்க நேர்கிறது. மைய நாடுகள் கொழுக்க விளிம்பு நாடுகள் மெலிகின்றன என்றார். துறைமுகத்தில் மூட்டை தூக்கும் நமக்கு இது எளிதில் விளங்கும்.

கானாவைப் பாருங்கள். 1957-ல் விடுதலை வந்தது. ஆனால் அதன் கோகோவுக்கு விலை வைத்தவை லண்டன், நியூயார்க் சந்தைகள். 1965-ல் அந்த விலை அடிமட்டத்துக்கு விழுந்தது. அந்நியச் செலாவணி வறண்டது. மறு ஆண்டே குவாமே நிக்ரூமாவின் ஆட்சியை ராணுவம் கவிழ்த்தது. விலைச் சரிவு மட்டுமே காரணமல்ல என்பது உண்மை. ஆனால் அதை விட்டுவிட்டு அந்தக் கவிழ்ப்பை எப்படி விளக்குவது?

பிரேபிஷ் சொன்னது சரி, ஆனால் முழுதல்ல என்பது நம் கருத்து. 2024-ல் கோகோ டன் 10,000 டாலரைத் தாண்டியது. கானா விவசாயிக்கு அதில் பாதிகூடக் கிடைக்கவில்லை. விளைச்சலை முன்கூட்டியே மலிவாக விற்றிருந்தது லண்டன் முதலாளி அல்ல. அவர்கள் சொந்த அரசின் கோகோ வாரியம்.