வெள்ளையெல்லாம் குடையாகுமா?

சென்ற கோடையில் நமது வகுப்பில் ஒரு மாணவி எழுந்து நின்றாள். அரியலூர்ப் பக்கத்துச் சுண்ணாம்புக்கல் சுரங்கம் ஒன்றில் அவளுடைய தகப்பனாருக்கு வேலை.

"ஸார், அப்பா சாயங்காலம் வீடு திரும்பும்போது உடம்பெல்லாம் வெள்ளை வெளேரென்று தூசி படிந்திருக்கிறது. வெயிலுக்குப் பூசும் களிம்பிலும் வெள்ளைப் பொடிதானே இருக்கிறது? அப்படியானால் அப்பாவை வெயில் ஒன்றும் செய்யாது அல்லவா?"

வகுப்புச் சிரித்தது. நாம் சிரிக்கவில்லை. கேள்வி நியாயமான கேள்வி. பரிசோதித்தே பதில் சொல்வது என்று தீர்மானித்தோம்.

அரியலூர்ச் சீமை ஏறக்குறைய 7 கோடி ஆண்டுகளுக்கு முன் கடலுக்கு அடியில் கிடந்தது. அக்கடலில் வாழ்ந்த பிராணிகளின் ஓடுகள் இறுகியதே இங்குள்ள சுண்ணாம்புக்கல். அதை நம்பியே 1979-இல் சர்க்கார் சிமெண்டு ஆலையும் இங்கே எழுந்தது. அந்தக் கல்லில் ஒரு துண்டை மாவாக இடித்துச் சலித்துக்கொண்டோம். களிம்புகளில் சேரும் துத்தநாக ஆக்ஸைடு என்னும் வெண்பொடியையும் வாங்கிவந்தோம். பொடியைக் கையாளும்போது பிள்ளைகள் மூக்கையும் வாயையும் துணியால் கட்டிக்கொண்டார்கள்.

இரண்டையும் சம நிறை எடுத்து, சம அளவு தேங்காயெண்ணெயில் கலக்கினோம். துத்தநாகப் பொடி கட்டி கட்டியாய் நின்றது. சற்று நேரத்தில் அடியில் படிந்தது. ஆகவே இன்னொரு பங்கை நாட்டு வைத்தியர் முறையில் பக்குவம் செய்தோம். பொடியைக் கல்வத்திலிட்டு, நனையும் அளவுக்குச் சில சொட்டு எண்ணெய் விட்டு, அரைமணி நேரம் மைபோல் அரைத்தோம். பிறகே மீதி எண்ணெயைச் சிறிது சிறிதாகச் சேர்த்தோம். உருக்கிய தேன்மெழுகு கொஞ்சம் கூட்டியதும் குழம்பு கெட்டிப்பட்டது. பொடி அடியில் இறங்கவில்லை.

நான்கு கண்ணாடித் தகடுகளை எடுத்து, ஓரங்களில் ஒட்டுக் காகிதம் ஒட்டி, நடுவில் இட்ட குழம்பை அளவுகோலால் ஒரே கனமாக வழித்தோம். ஒன்றில் வெறும் எண்ணெய். மற்றவற்றில் சுண்ணாம்புக்கல், கலக்கிய துத்தநாகம், அரைத்த துத்தநாகம். அடியில் நீலப்படக் காகிதம் வைத்தோம். கட்டட வரைபடங்களை நகலெடுக்க முன்பு வழங்கிய காகிதம் அது. 1842-இல் ஜான் ஹெர்ஷல் கண்டுபிடித்த முறை. புற ஊதாக் கிரணமும் நீல ஒளியும் பட்ட இடம் நீலமாகும்; படாத இடம் கழுவினால் வெளுக்கும்.

உச்சி வெயிலில் வைத்தெடுத்துக் கழுவினோம். சுண்ணாம்புக்கல்லின் அடியிலிருந்த காகிதம், வெறும் எண்ணெயின் அடியிலிருந்ததைப் போலவே ஏறக்குறைய முழு நீலம்! கலக்கிய துத்தநாகத்தின் அடியில் அம்மைத் தழும்புபோல் திட்டுத் திட்டாய் நீலம். அரைத்ததன் அடியில் நீலத்தின் சாயல் மட்டுமே.

காரணம் என்ன? பொடிக்கும் அதைச் சூழ்ந்த வஸ்துவுக்கும் ஒளியை வளைக்கும் சக்தியில் வித்தியாசம் இருந்தால்தான் வெண்மை தோன்றும். தேங்காயெண்ணெயின் ஒளிவிலகல் எண் சுமார் 1.45, சுண்ணாம்புக்கல்லுக்குச் சுமார் 1.6. வித்தியாசம் சொற்பமாதலால் எண்ணெயில் அதன் வெண்மை மங்கிவிடுகிறது. துத்தநாக ஆக்ஸைடுக்கோ 2.0. அதோடு அது புற ஊதாக் கிரணத்தை விழுங்கவும் செய்யும்; சுண்ணாம்புக்கல்லுக்கு அந்தக் குணம் கிடையாது. மணவாளக்குறிச்சிக் கருமணலிலுள்ள இல்மனைட் போன்ற தாதுவிலிருந்து செய்யும் டைட்டானியம் டையாக்ஸைடும் துத்தநாகத்தின் ஜாதியே.

சுரங்கத் தூசி உலர்ந்திருக்கையில் ஓரளவு ஒளியைச் சிதறடிக்கலாம். வியர்வையில் நனைந்தால் அதுவும் குறையும். காவலென்று அதை நம்புவதற்கில்லை. மூச்சோடு உள்ளே போனால் கெடுதலும் உண்டு.

நிற்க. இதைப் படித்துவிட்டு வீட்டிலேயே களிம்பு தயாரிக்க எவரும் புறப்பட வேண்டாம். தோலைச் சுடும் கிரணங்களில் பெரும்பகுதியைக் கண்ணாடித் தகடே தடுத்துவிடுகிறது. ஆகவே நமது பரிசோதனை தோலுக்கு அளவு சொல்லாது. நன்றாக அரைக்காத களிம்பு ஓட்டைக் குடை என்பதையும் கண்டோம். முகத்தில் பூசியபின் அந்த ஓட்டை கண்ணுக்குத் தெரியாது.

பெரம்பலூர்ப் பருத்திக் காடுகளில் களையெடுக்கும் பெண்கள், புடைவைக்கு மேல் ஆண்களின் முழுக்கைச் சட்டையை மாட்டித் தலையில் துண்டு கட்டிக்கொள்வதைப் பார்க்கிறோம். நெருங்க நெய்த துணியைவிட நம்பகமான, செலவில்லாத காவல் வேறில்லை.

கழுவிய காகிதங்களை மாணவி வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அப்படியானால் அப்பாவுக்கு முண்டாசுதான், ஸார். முழுக்கைச் சட்டையும் போடச் சொல்கிறேன்" என்றாள்.

சுண்ணாம்புக்கல் தகட்டின் காகிதத்தைத் தகப்பனாருக்குக் காட்ட வேண்டுமென்று கேட்டாள். கொடுத்தனுப்பினோம்.