பாரம் ஏற்றிய பெட்டி, பத்தடி வாசல்

கேள்வி: “சொர்ணவாரி நெல்லை 60 மூட்டை ஏற்றிக்கொண்டு வந்தால், டிராக்டர் பெட்டியைக் கொட்டகைக்குள் ரிவர்ஸில் விட முடியவில்லை. தெருவிலேயே நிறுத்தி மூட்டைகளைத் தோளில் சுமக்கிறோம். போன தடவை சாயங்கால மழையில் பாதி நனைந்துவிட்டது. அந்த அவசரத்தில் என் வீட்டுக்காரர் பெட்டியைப் பின்னால் எடுத்தபோது எங்கள் சின்னப் பையன் அதற்குப் பின்னால் நின்றிருக்கிறான். மாமியார் போட்ட கூச்சலில் தப்பித்தான். கொட்டகையை இடித்துக் கட்டுவதா, பெட்டியை விற்றுவிடுவதா? வாசல் 10 அடி. பெட்டி ஆறரை அடி அகலம், இரண்டு சக்கரம். தெரு 20 அடி.”
– வெள்ளவேடு பகுதி வாசகி

பதில்: இரண்டும் வேண்டாம். ஆறரை அடி பெட்டிக்குப் பத்தடி வாசல் போதும். இருபுறமும் ஒன்றே முக்கால் அடி மிச்சம் இருக்கிறது. பழகிய கைக்கு அது தாராளம், பழகாத கைக்கு இறுக்கம். செலவு செய்ய வேண்டியது பணத்தை அல்ல, நாலைந்து சாயங்காலங்களை.

பூவிருந்தவல்லி, திருமழிசை, நேமம், குத்தம்பாக்கம், ஆவடிக்கு மேற்கேயுள்ள கிராமங்கள் என்று இந்தப் பக்கம் முழுக்க இதே தொல்லைதான். கொட்டகை கட்டிய காலத்தில் அதற்கு முன்னால் திறந்த களம் இருந்தது. வண்டியை ஒரு வட்டம் அடித்து நேராக உள்ளே விட்டார்கள். இப்போது களம் மனையாகிவிட்டது. எதிரே காம்பவுண்டுச் சுவர், பக்கத்தில் மின்கம்பம், ஓரத்தில் மூடாத கால்வாய். வயல் இன்னும் இருக்கிறது, வண்டி திரும்ப இடம் இல்லை. ஆகவே பின்பக்கமாக ஏற்றும் வித்தையை வீட்டில் ஒருவராவது கற்றே ஆக வேண்டும்.

பெட்டி ஏன் எதிர்ப்பக்கம் ஓடுகிறது?

மாட்டு வண்டியைப் பின்னால் தள்ளிய பெரியவர்களிடம் கேட்டால் சொல்வார்கள். ஏர்க்காலை வலப்பக்கம் தள்ளினால் வண்டியின் வால் இடப்பக்கம் போகும். இரண்டு சக்கரப் பெட்டியும் அதே வண்டிதான். ஏர்க்கால் இருந்த இடத்தில் மூக்குக் கம்பி, மாடு இருந்த இடத்தில் டிராக்டர். டிராக்டரின் பின்புறம் இடப்பக்கம் நகர்ந்தால் மூக்கும் இடப்பக்கம் போகும், வால் வலப்பக்கம் திரும்பும்.

அதனால் பெட்டி வலப்பக்கம் போக வேண்டுமானால் ஸ்டியரிங்கை முதலில் இடப்பக்கம் ஒடிக்க வேண்டும். இதை யோசித்து யோசித்துச் செய்தால் குழம்பும். எளிய வழி ஒன்று உண்டு. ஸ்டியரிங்கின் அடிப்பகுதியில் கை வைத்துக்கொள்ள வேண்டும். பெட்டியின் வால் எந்தப் பக்கம் போக வேண்டுமோ, அந்தப் பக்கமே கையை நகர்த்த வேண்டும். அடியில் பிடித்த கை வலப்பக்கம் போனால் ஸ்டியரிங் இடப்பக்கம் சுற்றும், பெட்டி வலப்பக்கம் திரும்பும்.

அடுத்தது எல்லோரும் தவறும் இடம். பெட்டி திரும்பத் தொடங்கியதும் ஸ்டியரிங்கை அப்படியே வைத்திருந்தால் அது மேலும் மேலும் மடங்கும். தேவையான கோணம் வந்ததும் ஸ்டியரிங்கை மெல்ல மறுபக்கம் திருப்பி, டிராக்டர் பெட்டியின் பின்னாலேயே வரும்படி செய்ய வேண்டும். முதலில் பெட்டியை ஒடிக்க வேண்டும், பிறகு பெட்டியைத் தொடர வேண்டும். இவ்வளவுதான் வித்தை.

மடங்குவது அளவுக்கு மீறினால் மூக்குக் கம்பி பின் டயரில் இடிக்கும். டயர் கிழியும், கொண்டி வளையும். அந்த நிலையில் எவ்வளவு ஸ்டியரிங் சுற்றினாலும் பின்னால் போய்க்கொண்டே நேராக்க முடியாது. உடனே நிறுத்தி, முன்னே இழுத்து, நேராக்கி, மறுபடி தொடங்க வேண்டும். முன்னே இழுப்பதில் வெட்கம் ஒன்றும் இல்லை. கை தேர்ந்த ஓட்டுநரும் இறுக்கமான இடத்தில் இரண்டு மூன்று தடவை முன்னே இழுப்பார்.

வாசலுக்கு வரும் விதம்

பாதி வேலை ரிவர்ஸ் போடுவதற்கு முன்பே முடிந்துவிடுகிறது. வாசல் வலப்பக்கம் இருப்பதாக வைத்துக்கொள்வோம். வாசல் இருக்கும் பக்கத்தை ஒட்டியே, சுவரிலிருந்து மூன்று அடி விட்டு, நேராக வர வேண்டும். வாசலைத் தாண்டியதும் டிராக்டரை எதிர்ப்பக்கமாக, அதாவது இடப்பக்கமாகச் சாய்த்து நிறுத்த வேண்டும். இப்போது பெட்டியின் வால் தானாகவே வாசலைப் பார்க்கத் தொடங்கியிருக்கும். பின்னால் எடுக்கும்போது கொஞ்சம் ஒடித்தால் போதும்.

பெட்டி வாசலுக்குள் நுழைய, டிராக்டர் அதைத் தொடரும்போது, டிராக்டரின் முன்பக்கம் எதிர்ச் சுவரை நோக்கி வீசும். எல்லோரும் பின்னாலேயே பார்த்துக்கொண்டிருக்க, முன்பக்கம் போய்ச் சுவரிலோ கால்வாயிலோ இறங்குவது இப்படித்தான். எதிரே பைக் நின்றால் முதலில் அதை எடுக்கச் சொல்ல வேண்டும்.

வலப்பக்கம் திரும்பும்போது பெட்டியின் வலப்பக்க ஓரமும் சக்கரமும் ஓட்டுபவர் கண்ணுக்குத் தெரியும், இடப்பக்கம் மறைந்துவிடும். ஆகவே உள்பக்கத் தூணைப் பார்ப்பது ஓட்டுபவர் வேலை. வெளிப்பக்கத் தூணைப் பார்ப்பது சைகை காட்டுபவர் வேலை. வசதி இருந்தால் தெருவின் எந்தத் திசையிலிருந்து வந்தால் இடம் அதிகம் கிடைக்கிறது என்று இரண்டு பக்கமும் வந்து பார்த்து முடிவு செய்யலாம்.

பாரம் இருக்கும்போது என்ன மாறும்?

60 மூட்டை, மூட்டைக்கு 40 கிலோ என்றால் 2,400 கிலோ. பெட்டியின் சொந்த எடையும் சேர்ந்தால் அது டிராக்டரைவிடக் கனம். வெறும் பெட்டி டிராக்டர் சொன்னபடி கேட்கும். பாரப் பெட்டி டிராக்டரைத் தள்ளும், இழுக்கும். பல பெட்டிகளுக்குப் பிரேக் கிடையாது என்பதையும் மறக்கக் கூடாது. கவனிக்க வேண்டியவை:

1. மூட்டையை அச்சுக்கு மேலே, சற்று முன்பக்கம் கனமாக அடுக்க வேண்டும். வால் பக்கம் கனத்தால் மூக்கு மேலே தூக்கி, டிராக்டரின் பின் டயர் பிடிப்பை இழந்து வழுக்கும். மூக்குப் பக்கம் அளவுக்கு மீறினால் டிராக்டரின் முன் சக்கரம் லேசாகி ஸ்டியரிங் கேட்காது.

2. இருப்பதில் மெதுவான ரிவர்ஸ் கியர், குறைந்த ஆக்ஸிலேட்டர். கிளட்சை அரைகுறையாக மிதித்தபடி ஊர்ந்தால் பிளேட் தேயும். கியரே மெதுவாக இருக்க வேண்டும். சரிவில் ஒருபோதும் நியூட்ரலில் விடக் கூடாது.

3. இடது, வலது பிரேக் பெடல்கள் இரண்டையும் சேர்த்துப் பூட்டியிருக்க வேண்டும். ஒரு பக்கப் பிரேக்கை மட்டும் மிதித்தால் டிராக்டர் சட்டென்று ஒடியும், பின்னால் உள்ள பாரம் அதை மேலும் மடக்கும். டிஃபரென்ஷியல் லாக் போட்டிருந்தால் எடுத்துவிட வேண்டும். அது போட்டிருந்தால் திரும்பாது.

4. கலப்பை மாட்டும் லிங்க் கைகள் இரண்டையும் தூக்கிக் கட்டிவிட வேண்டும். இல்லாவிட்டால் திரும்பும்போது மூக்குக் கம்பியில் சிக்கும். டிப்பர் பெட்டியானால் ஹைட்ராலிக் ஹோஸ் இழுபடாத அளவு தளர்வாக இருக்கிறதா என்று பார்க்க வேண்டும்.

5. கொண்டியில் போடும் பின் தேய்ந்திருந்தால் பெட்டி இரண்டு விரல் அளவு முன்னும் பின்னும் ஆடும், குறி தப்பும். அம்பத்தூர் பக்கம் லேத் பட்டறைகளுக்குக் குறைவில்லை, சரியான பின்னை வாங்கி மாற்றிவிடலாம். பின் கழன்று விழாதபடி அடியில் பூட்டு ஊசி கட்டாயம். கட்டுக்கம்பி சுற்றுவது பூட்டு ஆகாது.

பையன் நின்ற இடம்

கடிதத்தில் மிக முக்கியமான வரி நெல்லைப் பற்றியது அல்ல. பெட்டிக்கு நேர் பின்னால் நிற்கும் குழந்தை, மூட்டை அடுக்கிய பிறகு ஓட்டுபவர் கண்ணுக்கு எந்த வகையிலும் தெரியாது. கண்ணாடி வைத்தாலும் தெரியாது. ஆகவே இந்த ஒழுங்கை வீட்டில் எல்லோரும் சேர்ந்து வைத்துக்கொள்ள வேண்டும்.

ரிவர்ஸ் கியர் போடும் முன் குழந்தைகள் வீட்டுக்குள் போய்க் கதவு சாத்தியிருக்க வேண்டும். “அங்கே போ” என்று சொன்னால் போதாது, ஒருவர் கையைப் பிடித்திருக்க வேண்டும். ஆடு, கோழி, நாயையும் பார்த்துக்கொள்ள வேண்டும், அவற்றை விரட்டத்தான் பிள்ளைகள் ஓடிவரும்.

சைகை காட்டுபவர் ஒருவரே. “வா வா” என்று ஒருவரும் “நில்லு நில்லு” என்று இன்னொருவரும் கத்தினால் ஓட்டுபவர் யாரைக் கேட்பார்? அந்த ஒருவர் பெட்டியின் வாலுக்குப் பின்னால் நிற்கக் கூடாது. பக்கவாட்டில், ஓட்டுபவருக்கு முகம் தெரியும் இடத்தில் நிற்க வேண்டும். அவர் முகம் மறைந்த நொடியே டிராக்டர் நிற்க வேண்டும். இஞ்சின் சத்தத்தில் குரல் கேட்காது, அதனால் கழுத்தில் ஒரு விசில். விசில் சத்தத்துக்கு ஒரே அர்த்தம்தான்: நிறுத்து. வீட்டில் யார் ஊதினாலும் நிறுத்த வேண்டும்.

சுவருக்கும் பெட்டிக்கும் நடுவிலோ, டிராக்டருக்கும் பெட்டிக்கும் நடுவிலோ டிராக்டர் நகரும்போது யாரும் நிற்கக் கூடாது. கொண்டி மாட்டும்போது டிராக்டர் முழுதாக நின்று, நியூட்ரலும் கைப்பிரேக்கும் போட்ட பிறகே ஆள் உள்ளே போக வேண்டும்.

கொட்டகையில் செய்யக்கூடிய சின்ன மாற்றங்கள்

பெட்டியின் சக்கரத்திலிருந்து வால் வரை எவ்வளவு என்று அளந்து, அதனுடன் ஒன்றரை அடி சேர்த்து, பின்சுவரிலிருந்து அவ்வளவு தூரத்தில் தரையில் அரை அடி உயரத்துக்குச் சிமெண்ட் திட்டு போட்டால், சக்கரம் அதில் முட்டி நிற்கும். சுவரும் தப்பும், நடுவே ஆள் சிக்கும் ஆபத்தும் குறையும். வாசல் தூண்கள் இரண்டிலும் பெட்டியின் அச்சு உயரத்தில் வெள்ளைப் பட்டை அடித்தால் அந்தி நேரத்தில் தெரியும். தரையில் வாசலின் நடுவிலிருந்து உள்ளே வரை ஒரு சுண்ணாம்புக் கோடு போட்டால், பெட்டி நேராக இருக்கிறதா என்று உடனே தெரியும். கால்வாய் மேல் போட்ட பலகைக்கல் பாரம் தாங்குமா என்று பார்த்து, தேவையானால் கனமான சிலாப் போட வேண்டும். பணம் இருந்தால் தெருவை ஒட்டிய ஒரு தூணை மட்டும் இரண்டடி நகர்த்தலாம். அதுவே கடைசி வழி.

உள்ளே வைக்கோல் இருந்தால் சூடான சைலன்ஸர் அதன் பக்கம் போகக் கூடாது. பெட்டி உள்ளே போனதும் இஞ்சினை அணைத்துவிட வேண்டும். மூட்டைகளை இறக்கி முடிக்கும்வரை கொண்டியைக் கழற்ற வேண்டாம். கழற்றிய இரண்டு சக்கரப் பெட்டியில் முன்பக்க மூட்டைகளை முதலில் எடுத்தால் வால் தாழ்ந்து, மூக்குக் கம்பி எகிறி முகத்தில் அடிக்கும். கழற்றும்போதும் சக்கரத்துக்கு இரு பக்கமும் கல், மூக்குக்கு அடியில் ஸ்டாண்டு.

பழகும் முறை

அறுத்த வயலில் வெறும் பெட்டியுடன் தொடங்க வேண்டும். பழைய பிளாஸ்டிக் கேன்களை 14 அடி இடைவெளியில் வைத்து நேராகப் பின்னால் போகப் பழக வேண்டும். நேர் வந்த பிறகு வளைவு. பிறகு இடைவெளியை 12 அடி, 10 அடி என்று குறைக்கலாம். கேன் விழுந்தால் நஷ்டமில்லை. கடைசியாகப் பத்து மூட்டை, பிறகு முழுப் பாரம். முழுப் பாரத்தில் நிற்பதற்குக் கூடுதல் தூரம் ஆகும் என்பதைக் கை உணர வேண்டும்.

வட கர்நாடகத்தில் பெலகாவி பக்கத்துக் கிராமத் திருவிழாக்களிலும், மகாராஷ்டிராவின் கரும்புப் பகுதிகளிலும் டிராக்டரைப் பெட்டியோடு ரிவர்ஸில் ஓட்டும் போட்டியே நடக்கிறது. கரும்பு ஏற்றி ஏற்றிப் பழகிய கைகள் அவை. இங்கிலாந்தில் இளம் விவசாயிகள் சங்கங்களும் இதைப் போட்டியாக வைக்கின்றன. போட்டியில் வேகத்துக்குப் பரிசு. வீட்டு வாசலில் வேகத்துக்கு வேலை இல்லை.

வாசகி கேட்காத ஒன்று: மழை இருட்டினால் என்ன செய்வது? வயலிலிருந்து கிளம்பும்போதே பெட்டியின் மேல் தார்ப்பாய் போட்டுக் கட்டிவிட வேண்டும். கொள்முதல் நிலையத்தில் ஈரப்பதம் 17 சதவீதத்துக்குள் இருக்க வேண்டும் என்பது பொதுவான விதி. வீட்டில் இருப்பு வைக்க 14 சதவீதத்துக்கும் கீழே காய வேண்டும். தார்ப்பாய் இருந்தால் அரை மணி நேரம் தெருவிலேயே நின்றாலும் நெல்லுக்கு ஒன்றும் ஆகாது. அவசரம் போய்விட்டால் பாதி விபத்து போய்விடும். நனைந்த நெல்லை வெயில் வந்ததும் பரப்பிக் காயவைத்துக்கொள்ளலாம். பையன் எங்கே என்று பார்த்த பிறகுதான் ரிவர்ஸ்.

இன்னும் இரண்டு கேள்விகள்

கேள்வி: எங்களுடையது நான்கு சக்கரப் பெட்டி. இதே முறை பொருந்துமா?
– திருநின்றவூர் வாசகர்

பதில்: பொருந்தாது. முன் அச்சு தனியாகத் திரும்பும் நான்கு சக்கரப் பெட்டியில் மடங்கும் இடம் இரண்டு. அதனால் தொடக்கத்தில் ஸ்டியரிங்கை எந்தப் பக்கம் ஒடிக்கிறோமோ அந்தப் பக்கமே பெட்டியும் போகும். ஆனால் அடுத்த சில அடிகளில் இரண்டு மடிப்பும் சேர்ந்து கோணலாகிவிடும். முழுப் பாரத்துடன் இறுக்கமான வாசலில் முயல வேண்டாம். முன்பக்கமாக நுழைந்து, இறக்கி, வெறும் பெட்டியை வெளியே எடுப்பது நல்லது.

கேள்வி: அறுவடை ஆட்களைப் பெட்டியில் ஏற்றி வருகிறோம். காப்பீடு உண்டா?
– ஆவடி பகுதி வாசகர்

பதில்: பெட்டி சரக்குக்கானது. அதில் பயணம் செய்பவர்களுக்குப் பொதுவாகக் காப்பீடு கிடைக்காது. இழப்பீடு உரிமையாளர் தலையில் விழும். டிராக்டரின் பாலிசியில் பெட்டியும் சேர்க்கப்பட்டிருக்கிறதா என்று இன்றே எடுத்துப் பார்க்கவும். ஆட்களுக்கு ஆட்டோவோ பஸ்ஸோதான் சரி. மூட்டை மேல் உட்கார்ந்து வருவதும், மட்கார்டில் உட்கார்ந்து வருவதும் அறவே கூடாது.