உறுப்பினருக்கு மார்க் போடுவது யார்?

என் பேத்தி எம்.பி.பி.எஸ். படிக்கிறாள். பொங்கல் லீவுக்குப் போடி வந்தவளின் பதிவேட்டைப் புரட்டினேன். ரிட்டயர்டு குமாஸ்தாவுக்கு ரெஜிஸ்டரைக் கண்டால் கை சும்மா இருக்காது. அதில் 'ஏட்காம்' என்று ஒரு பகுதி. மனப்பான்மை, அறநெறி, நோயாளியிடம் பேசும் முறை இவற்றுக்கான பாடமாம். 2019-இல் சேர்ந்தவர்கள் முதல் நாடு முழுக்க வந்தது. அந்தப் புதிய பாடத்திட்டம் மருத்துவருக்கு ஐந்து பொறுப்புகளைச் சொல்கிறது. அவற்றில் ஒன்று, மருத்துவக் குழுவின் தலைவராகவும் உறுப்பினராகவும் இருப்பது.

"உறுப்பினராக இருப்பதற்கு யாரம்மா மார்க் போடுவது?" என்றேன்.

"சார்தான் தாத்தா. கையெழுத்துப் போடுவார்."

அவள் காட்டிய பக்கத்தில் நர்ஸ் கையெழுத்துக்கு இடமே இல்லை. இது எந்த ஊர் நியாயம்?

நான் புதுச்சேரியில் பிரெஞ்சு வழியில் படித்தவன். எல்லாவற்றுக்கும் 20-க்குத்தான் மார்க், நடத்தைக்கும் உண்டு. வாத்தியார் பார்க்கும்போது கைகட்டி நின்றவனுக்கு 18. அவர் கரும்பலகைப் பக்கம் திரும்பியதும் முன்பெஞ்சுக்காரனைக் கிள்ளியவனும் அவனேதான். பிறகு ஆபீஸ். வருடாந்தர ரகசியக் குறிப்பில் 'ஒத்துழைப்பு: நன்று' என்று மேலதிகாரி எழுதுவார். பியூனை ஒரு வார்த்தை கேட்டதில்லை.

சில வருடங்களுக்கு முன் என் மனைவி ஓர் ஆஸ்பத்திரியில் படுத்திருந்தாள். எந்த ஊர், எந்த ஆஸ்பத்திரி என்பது வேண்டாம். அவளுக்கு சல்ஃபா மருந்து ஒத்துக்கொள்ளாது. அதையே எழுதிக்கொண்டிருந்த பயிற்சி டாக்டரிடம் நர்ஸ் தயங்கித் தயங்கிச் சொன்னார். "இங்கே டாக்டர் யார்?" என்றார் அந்தப் பையன். நர்ஸ் வாயை மூடிக்கொண்டார். நான் கத்தாமல் இருந்திருந்தால் என்ன ஆகியிருக்குமோ. தேர்வில் அவர் நல்ல மார்க்தான் வாங்கியிருப்பார்.

ஆபரேஷன் தியேட்டருக்கு உலக சுகாதார நிறுவனம் 19 அம்சப் பட்டியல் ஒன்று கொடுத்திருக்கிறது. கத்தி வைக்குமுன் உள்ளே இருக்கும் எல்லோரும் பெயரையும் வேலையையும் சொல்லிக்கொள்ள வேண்டும் என்பது அதில் ஒன்று. பெயர் தெரியாதவரைத் தடுக்க யாருக்கு வாய் வரும்?

நம் மலைக்காரர்களுக்கு இதைச் சொல்லித்தர வேண்டியதில்லை. குரங்கணிக்கு மேலே ரோடு இல்லாத குடிகளிலிருந்து நோயாளியை டோலி கட்டித்தான் இறக்குவார்கள். இறக்கத்தில் உயரமானவன் முன்னால், குட்டையானவன் பின்னால். கால் வழுக்கினால் பின்னால் இருப்பவன் "நில்" என்பான், முன்னால் இருப்பவன் நின்றாக வேண்டும். அங்கே சீனியர் ஜூனியர் கிடையாது. 2018 மார்ச் 11 அன்று குரங்கணித் தீயில் 20-க்கும் மேற்பட்டோர் மாண்டார்களே, அப்போதும் கரிந்த சரிவில் முதலில் ஏறிக் காயம்பட்டவர்களைப் போர்வையில் சுமந்தவர்கள் நம் ஊர்க்காரர்கள்தான்.

நான் கேட்பது இதுதான். டாக்டர் மாணவரையும் நர்சிங் மாணவியையும் ஒரே வார்டில், ஒரே நோயாளிக்குப் பொறுப்பாக விடுங்கள்; இருவருக்கும் சேர்த்து ஒரே மார்க் போடுங்கள். வருடம் முழுக்க நர்ஸ், லேப்காரர், ஆயாம்மா எல்லோரிடமும் பெயர் போடாத சீட்டில் கருத்து வாங்குங்கள். கோபத்தில் ஒருவர் குறைத்துப் போடலாம். பத்துப் பேருமா சேர்ந்து பழிவாங்குவார்கள்? ஒரே சாரிடம் மொத்த மார்க்கையும் விடும்போது இந்தப் பயம் ஏன் யாருக்கும் வரவில்லை?

பேத்தியிடம் சொன்னேன். "ஆயாம்மா மார்க் போட்டால் எங்கள் வகுப்பில் பாதிப் பேர் அரியர்தான் தாத்தா" என்று சிரித்தாள்.

விழட்டுமே. அரியர் எழுதினால் குடியா முழுகிவிடும்?